நாற்பது வருஷம் மூடிக் கிடந்த ஆட்டம்

1932-ஆம் வருஷம். அமெரிக்காவின் தெற்குப் பக்கம், மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி. அங்கே படித்த பெண்கள் சிலர் தங்கள் கூடைப்பந்து யூனிஃபார்மை எல்லாம் குவித்துப் போட்டுத் தீ வைத்தார்கள். அழுதுகொண்டே வைத்தார்கள். அவர்கள் அணி தோற்றுப்போனதற்காக இல்லை. நன்றாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆட்டம் பெண்கள் உடம்புக்கு ரொம்பக் கடினம், இனிமேல் வேண்டாம் என்று கல்லூரி நிர்வாகம் அணியையே கலைத்துவிட்டது. அதுதான் காரணம்.

அந்தப் பெண்களில் ஒருவர் மார்கரெட் வேட். அணியின் கேப்டன். அப்போது அவருக்கு இருபது வயதுகூட முடியவில்லை. அதே கல்லூரியில் அதே ஆட்டம் மறுபடி தொடங்கியபோது அவருக்கு அறுபது வயது. தொடங்கி நடத்தியவரும் அவர்தான். இந்த மலரில் சாதித்த பெண் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நமக்குத் தெரிந்த பேர்களையே திரும்பத் திரும்ப எழுதாமல், நம்மில் பலர் கேள்விப்பட்டே இராத இந்த அம்மாவைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது. அவங்க ஊரில் அவங்க ரொம்பப் பெரிய பேர்.

மார்கரெட் பிறந்தது 1912 டிசம்பர் 30-இல், மிசிசிப்பியில் மெக்கூல் என்கிற சிற்றூரில். வளர்ந்ததும் பள்ளிக்கூடம் படித்ததும் அதே மாநிலத்தின் கிளீவ்லாண்ட் ஊரில். கிளீவ்லாண்ட் என்றால் பெரிய நகரம் ஒன்று வேறு மாநிலத்தில் இருக்கிறது, இது அது இல்லை. இது பருத்திக் காடுகளுக்கு நடுவே இருக்கிற ஊர். மிசிசிப்பி ஆற்றங்கரையை ஒட்டிய அந்தச் சமவெளியை டெல்டா என்று சொல்வார்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்த நம் சகோதரிகளுக்கு அந்த வெயிலும் அந்த வேலையும் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1925-இல் அந்த ஊரில் ஆசிரியர்களைத் தயார் செய்கிற கல்லூரி ஒன்று திறந்தார்கள். டெல்டா ஸ்டேட் என்று பெயர். மார்கரெட் சேர்ந்தது அங்கேதான்.

கூடைப்பந்து ஆட்டமே அப்போது வயதில் சின்னது. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்கிற ஆசிரியர், பனிக்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டும் என்று, பழம் போட்டு வைக்கிற இரண்டு கூடைகளை பால்கனிக் கம்பியில் அடித்துக் கண்டுபிடித்தது. அடுத்த வருஷமே செண்டா பெரென்சன் என்கிற உடற்கல்வி ஆசிரியை அதைத் தன் பெண்கள் கல்லூரிக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆனால் அந்தக் காலத்தில் பெண் பிள்ளை ஓடினால், மூச்சு வாங்கினால், ஊர் என்ன சொல்லும் என்ற பயம் அங்கேயும் இருந்தது. அதனால் அவர் விதிகளை மாற்றினார். ஆடுகளத்தைக் கோடு போட்டு மூன்றாகப் பிரித்தார். ஒரு பகுதியில் நிற்கிற பெண் கோட்டைத் தாண்டி அடுத்த பகுதிக்கு வரக்கூடாது. அடுத்தவர் கையிலிருந்து பந்தைப் பறிக்கக்கூடாது. பந்தை மூன்று தடவைக்கு மேல் தட்டக்கூடாது. அப்படிச் செய்ததால்தான் பெண்கள் ஆடவே முடிந்தது என்று பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம். அந்தக் கோடு எண்பது வருஷம் அழியாமல் நின்றதைப் பார்த்தால் வேறு மாதிரி தோன்றுகிறது. இரண்டுமே உண்மைதான் என்று நினைக்கிறேன்.

மார்கரெட் கல்லூரியில் ஆடிய நாட்களிலும் ஏறக்குறைய இந்த விதிதான். ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், பாதிக் களத்தில் ஓட்டம். அந்த அளவு ஓட்டத்தைத்தான் நிர்வாகம் கடினம் என்று சொல்லி நிறுத்தியது! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இது ஏதோ ஒரு கல்லூரியின் பிடிவாதம் இல்லை. 1923-இலிருந்தே அமெரிக்காவில் பெண் கல்விக்காக உழைத்த பெண்களே, கல்லூரிகளுக்கு இடையே பெண்கள் போட்டி போட்டு ஆடக்கூடாது என்று இயக்கம் நடத்தினார்கள். போட்டி வந்தால் பிள்ளைகளின் உடம்பு கெடும், பணத்துக்காகவும் பேருக்காகவும் அவர்களைப் பிறர் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பது அவர்கள் கவலை. கவலை உண்மையானதுதான். ஆனால் பலன் என்ன? பிள்ளைகள் ஆடுகிற களம் போனது. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறோம் என்று சொல்லிப் போடுகிற பூட்டைத் திறப்பதுதான் ரொம்பக் கஷ்டம். போடுகிறவர்கள் எதிரியாக இருந்தால் சண்டை போடலாம். பாசமாக இருந்தால் யாரோடு சண்டை போடுவது?

மார்கரெட்டின் கல்லூரிப் படிப்பு 1933-இல் முடிந்தது. கடைசி வருஷம் அணி இல்லாமலேயே முடிந்தது. ஆனால் அவர் ஆட்டத்தை விடவில்லை. டுபெலோ என்கிற ஊரில் ரெட் விங்ஸ் என்று ஓர் அணி இருந்தது. கல்லூரியைச் சேராத, வெளியில் ஆடுகிற அணி. அதில் இரண்டு வருஷம் ஆடினார். பிறகு முழங்கால் அடிபட்டது. அதோடு அவர் களத்தில் இறங்கி ஆடுவது முடிந்துபோனது. இருபதைச் சற்றே தாண்டிய வயது. கல்லூரி ஒரு தடவை நிறுத்தியது, கால் இன்னொரு தடவை நிறுத்தியது.

ஆட முடியாவிட்டால் ஆட்டம் சொல்லிக் கொடுக்கலாம் இல்லையா. இரண்டு சின்னப் பள்ளிக்கூடங்களில் பயிற்சி கொடுத்துவிட்டு, 1935-இல் தான் படித்த கிளீவ்லாண்ட் உயர்நிலைப் பள்ளிக்கே பயிற்சியாளராக வந்தார். அங்கே பத்தொன்பது வருஷம். கல்லூரியில் பெண்களுக்கு ஆட்டம் இல்லை, பள்ளிக்கூடத்தில் மட்டும் இருந்தது. வேடிக்கைதான். பதினேழு வயதுப் பெண் ஆடலாம், பதினெட்டு வயதில் கல்லூரிக்குப் போனதும் அவள் உடம்பு தாங்காதாம்!

அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவருடைய பள்ளி அணி 453 ஆட்டம் ஜெயித்தது, 89 தோற்றது, 6 ஆட்டம் சமமாக முடிந்தது. கணக்குப் புத்தகம் எழுதுகிற சகோதரிகள் கூட்டிப் பார்க்கலாம், 548 ஆட்டம். நூற்றுக்கு எண்பத்திரண்டுக்கு மேல் வெற்றி. மாநில இறுதிப் போட்டிவரை போய்த் தோற்ற வருஷங்களும் உண்டு. பெரிய பட்டம் கைக்கு வரவில்லை. வெளியூரில் யாருக்கும் அவர் பேர் தெரியாது. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பின்னாளில் பத்திரிகைக்காரர்கள் அவரைத் தேடி வந்தபோது அறுபது வயதில் திடீரென்று வந்த வெற்றி மாதிரி வெளியில் தெரிந்திருக்கும். அடியில் இந்த 548 ஆட்டம் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் எத்தனை நாள் பயிற்சி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. அந்தப் பள்ளி வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. கறுப்பினப் பிள்ளைகள் வேறு பள்ளி, வேறு பேருந்து இருக்கை, வேறு குடிதண்ணீர்க் குழாய். மிசிசிப்பியில் அது சட்டமாகவே இருந்தது. நமக்கு இது புரியாத சங்கதி இல்லை. மார்கரெட் தேடித்தேடிப் பயிற்சி கொடுத்த அந்தப் பத்தொன்பது வருஷமும், அதே பருத்திக் காட்டில் ஓடி விளையாடிய எத்தனையோ கெட்டிக்காரப் பெண்கள் அவர் கண்ணில் படவே வழியில்லாமல் போனது. அவர் அணி தோற்ற 89 ஆட்டத்தைவிட இது பெரிய நஷ்டம்.

1959-இல் டெல்டா ஸ்டேட் கல்லூரிக்கே உடற்கல்வி ஆசிரியையாகப் போனார். எந்தக் கல்லூரி அவர் அணியைக் கலைத்ததோ அதே கல்லூரி. அப்போதும் அங்கே பெண்களுக்கு அணி இல்லை. பதினான்கு வருஷம் அங்கே பாடம் நடத்தினார்.

பூட்டைத் திறந்தது ஒரு சட்டம். 1972 ஜூன் மாதம் அமெரிக்காவில் கல்விச் சட்டத் திருத்தம் ஒன்று வந்தது. அதில் ஒன்பதாவது பகுதி என்ன சொல்கிறது என்றால், மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிலையத்திலும் பெண் என்பதற்காக யாரையும் எதிலிருந்தும் ஒதுக்கக்கூடாது. விளையாட்டு என்ற வார்த்தைகூட அந்த வரியில் இல்லை. ஆனால் எதிலிருந்தும் என்றால் விளையாட்டும் சேர்த்திதானே. கல்லூரிகள் ஒவ்வொன்றாகப் பெண்கள் அணிகளைத் தொடங்க ஆரம்பித்தன. 1973-இல் டெல்டா ஸ்டேட்டின் தலைவராக இருந்த ஆப்ரி லூகாஸ், பெண்கள் கூடைப்பந்து அணியை மறுபடி தொடங்கலாம், நீங்களே பயிற்சி கொடுங்கள் என்று மார்கரெட்டைக் கேட்டார்.

அறுபது வயது. பள்ளி அணியை விட்டே பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், ஆட்டமே மாறிவிட்டது. அவர் ஆடியதும் சொல்லிக்கொடுத்ததும் கோடு போட்ட ஆறு பேர் ஆட்டம். 1971-இலிருந்து கல்லூரிப் பெண்களும் ஆண்களைப் போலவே ஐந்து பேர், முழுக் களமும் ஓடி ஆடலாம் என்று ஆகியிருந்தது. பந்தைத் தட்டுவதற்கு எண்ணிக்கை இல்லை. முன்னால் நின்று கூடையில் போடுகிறவளே ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். அறுபது வயதில் பழைய பழக்கத்தை விட்டுப் புதுசாகக் கற்றுக்கொண்டு, அதை இருபது வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும். நம்மில் ஐம்பது தாண்டிய பிறகு கையெழுத்துப் போடப் பழகியவர்களும், வங்கிக் கணக்கை ஃபோனில் பார்க்கப் பழகியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டால் அந்தச் சங்கடம் தெரியும்.

அவர் சரி என்றார்.

அந்த முதல் அணியில் சேர்ந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். லூசியா ஹாரிஸ். மின்டர் சிட்டி என்கிற ஊரில், பருத்தி எடுத்தும் காய்கறி பயிரிட்டும் பிழைத்த கறுப்பினக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளில் பத்தாவதாகப் பிறந்தவர். அவரும் பருத்தி எடுத்தவர். ஆறடி மூன்று அங்குலம் உயரம். டெல்டா ஸ்டேட் கல்லூரி கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1967-இல்தான். அணியில் கறுப்பினப் பெண் அவர் ஒருவர் மட்டுமே. அங்கே அணி தொடங்காமல் போயிருந்தால் அவர் பெண்கள் அணியே இல்லாத வேறொரு கல்லூரியில் சேர்ந்து, ஆட்டத்தைப் பள்ளியோடு விட்டிருப்பார். மார்கரெட்டுக்கு இருபது வயதில் நடந்தது அப்படியே இவருக்கும் நடந்திருக்கும்.

உயரத்துக்கு லூசியா என்றால், பந்தைக் கொண்டுவருவதற்கு டெபி பிராக். அவர் உயரம் நான்கடி பதினொரு அங்குலம். ஆமாங்க, கூடைப்பந்தில் அஞ்சடிகூட இல்லாத பெண்! குள்ளமானவர் கீழே புகுந்து வேகமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வருவார், வளையத்துக்குக் கீழே நிற்கிற லூசியா கைக்குப் போகும், கூடையில் விழும். பார்ப்பதற்குச் சுலபம். ஒவ்வொருத்திக்கும் எது வருமோ அந்த வேலையைக் கொடுத்து, மற்றவள் வேலையைப் பார்த்து ஏங்காமல் அவளை அதில் தேர வைப்பது பயிற்சியாளர் வேலை. குழுவை நடத்திப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சிரமம் என்று தெரியும்.

முதல் வருஷம் பதினெட்டு ஆட்டத்தில் பதினாறு வெற்றி, இரண்டு தோல்வி. அடுத்த 1974-75 பருவத்தில் தோல்வியே இல்லை. ஆடிய 28 ஆட்டத்திலும் வெற்றி. 28-ஆவது ஆட்டம்தான் தேசிய இறுதிப் போட்டி.

எதிரே நின்றது பென்சில்வேனியாவின் இம்மாகுலாட்டா கல்லூரி. கன்னியாஸ்திரீகள் நடத்துகிற கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி. அதற்கு முந்தைய மூன்று வருஷமும் தொடர்ந்து தேசியப் பட்டம் வாங்கியவர்கள். அவர்கள் ஆடும்போது அங்கி போட்ட சிஸ்டர்களே வரிசையாக உட்கார்ந்து தகர வாளிகளைத் தட்டிச் சத்தம் எழுப்புவார்களாம். அந்த வாளிச் சத்தம் பேர்போனது. 1975 மார்ச்சில் வர்ஜீனியாவின் ஹாரிசன்பர்க் ஊரில் ஆட்டம் நடந்தது. லூசியா மட்டும் 32 பாயிண்ட் எடுத்தார். டெல்டா ஸ்டேட் 90, இம்மாகுலாட்டா 81.

மறுபடி தொடங்கி இரண்டே வருஷம். பயிற்சியாளருக்கு வயது 62. பெண்ணுக்கு ஆகாது என்று நிறுத்திய கல்லூரி, அந்தப் பெண்களாலேயே நாட்டின் முதல் இடத்துக்கு வந்தது.

அதற்கப்புறம் நிற்கவில்லை. 1976-இல் மறுபடி இம்மாகுலாட்டாவோடு இறுதிப் போட்டி, 69-க்கு 64 என்று வெற்றி. 1977-இல் லூசியானா ஸ்டேட் அணியை 68-க்கு 55 என்று வென்று மூன்றாவது பட்டம். இடையில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 51 ஆட்டம் ஜெயித்தார்கள். லூசியா ஆடிய நான்கு வருஷத்தில் 115 ஆட்டம், 109 வெற்றி, 6 தோல்வி. 1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்தை முதல் முறையாகச் சேர்த்தார்கள். ஒலிம்பிக் வரலாற்றில் பெண்கள் கூடைப்பந்தின் முதல் கூடையைப் போட்டது லூசியா. அமெரிக்க அணிக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது.

1977-இல் படிப்பு முடிந்ததும் ஆண்கள் ஆடுகிற தொழில்முறைச் சங்கத்தின் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணி, தன் தேர்வுப் பட்டியலில் லூசியா பேரைச் சேர்த்தது. அவர் போகவில்லை. பெண்களுக்கென்று நிலையான தொழில்முறை ஆட்டம் அப்போது கிடையாது. சிறிது காலம் மட்டும் ஒரு புதிய சங்கத்தில் ஆடினார். பிறகு ஆசிரியையாகவும் பயிற்சியாளராகவும் வேலை பார்த்தார். அவரோடு சமமாக ஆண் ஒருவர் ஆடியிருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். கல்லூரிக் கதவை மார்கரெட்டின் தலைமுறை திறந்தது, அடுத்த கதவு அப்போதும் சாத்தியேதான் இருந்தது. 1992-இல் லூசியாவை கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அந்த மண்டபத்தில் இடம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்.

மார்கரெட் 1979-இல் ஓய்வு பெற்றார். ஆறு பருவங்களில் அவர் கல்லூரி அணி ஆடியது 180 ஆட்டம். 157 வெற்றி, 23 தோல்வி. கடைசி இரண்டு வருஷம் பட்டம் இல்லை. அதற்குள் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் பணத்தோடு இந்த ஆட்டத்துக்குள் வரத் தொடங்கிவிட்டன. சின்ன ஊர்க் கல்லூரிகள் தேசியப் பட்டம் வாங்குகிற காலம் முடியப் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு விஷயம் வளர்ந்தால், அதை வளர்த்தவர்கள் கையை விட்டுப் போவதும் உண்டு.

1985-இல் கூடைப்பந்து புகழ் மண்டபத்தில் முதல் முறையாகப் பெண்களைச் சேர்த்தார்கள். மண்டபம் தொடங்கி இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஆகியிருந்தது. சேர்க்கப்பட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் ஓக்லஹோமாவில் பள்ளிப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்த பெர்த்தா டீக். இன்னொருவர், களத்தில் கோடு போட்ட அந்த செண்டா பெரென்சன், அவர் 1954-லேயே இறந்துவிட்டார். மூன்றாவது மார்கரெட் வேட். பெண்கள் மெதுவாக ஆட வேண்டும் என்று விதி எழுதியவரும், அந்த விதி போன பிறகு பெண்களை முழுக் களமும் ஓட வைத்தவரும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தில்.

1995 பிப்ரவரி 16-இல் தன் எண்பத்திரண்டாவது வயதில் மார்கரெட் காலமானார்.

அவர் பயிற்சியாளராக இருக்கும்போதே, 1978-இல், கல்லூரிப் பெண்களில் நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரருக்கு வருஷா வருஷம் கொடுக்க ஒரு கோப்பையை ஏற்படுத்தினார்கள். அதற்கு வேட் கோப்பை என்று அவர் பேரையே வைத்தார்கள். முதல் கோப்பை அவர் அணிப் பெண்ணுக்குப் போகவில்லை. மான்ட்கிளேர் ஸ்டேட் என்கிற வேறு கல்லூரியில் ஆடிய கரோல் பிளேஸஜாவ்ஸ்கி என்கிற பெண்ணுக்குப் போனது. இன்றைக்கும் ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒரு பெண் அதை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.